சாம்பலை இழுத்த கல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு வைத்தியர் பேசப்போகிறார் என்றதும் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேச்சு இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் பேச வந்திருப்பது ஒரு பீங்கான் துண்டைப் பற்றி. அளவில் அது ஓர் அரிசிமணிதான்.

1990 களின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே படித்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பற்றரிக்கும் தடை. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து யாராவது பெடலைச் சுற்ற வேண்டும். சுற்றுவதை விட்டால் செய்தியும் பாதியில் நின்றுவிடும். எங்கள் விஞ்ஞான ரீச்சர் அதையே பாடமாக்கினார். "தைனமோவுக்குள் காந்தம் சும்மா இருந்தால் காணாது பிள்ளையள், அது அசைய வேணும். மாற்றம் இருந்தால்தான் மின்னோட்டம்" என்றார்.

வெப்பத்திலும் அப்படி ஒரு விந்தை உண்டு. சில பளிங்குகளுக்குள் நேர் ஏற்றங்களும் மறை ஏற்றங்களும் சற்று விலகி, ஒரே திசை பார்த்து நிற்கின்றன. பளிங்கு சூடாகும்போதோ குளிரும்போதோ அந்த விலகல் மாறி, அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது. வெப்பநிலை மாறாமல் இருந்தால் ஒன்றும் நடக்காது. அதே தைனமோப் பாடம்தான். இதற்குப் பைரோ எலெக்ட்ரிக் இயல்பு என்று பெயர்.

இந்தக் கதையில் எங்கள் தீவுக்கும் ஓர் இடம் உண்டு. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்தில், 1703 அளவில், இங்கிருந்து அம்ஸ்ரர்டாமுக்கு ஒருவகைக் கற்களைக் கொண்டுபோனார்கள். தணலருகே சூடேறிய அந்தக் கல் சாம்பலைத் தன்பால் இழுத்தது. அதனால் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் அது தோரமல்லி. உலகம் வழங்கும் தூர்மலீன் என்ற பெயர் அதிலிருந்து பிறந்தது. 1756 இல் ஈப்பினஸ் என்ற அறிஞர் இது மின்னின் வேலை என்று காட்டினார். 1824 இல் டேவிட் புரூஸ்ரர் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். கல் எங்களுடையது, கேள்வி கேட்டவர்கள் அவர்கள்.

இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் செயற்கைப் பளிங்குகளும் பீங்கான்களுமே செய்கின்றன. நீங்கள் நடந்துவரத் தானாக எரியும் விளக்கினுள் இருப்பது ஒரு பீங்கான் துண்டு. எங்கள் உடல் எந்நேரமும் செந்நிறக்கீழ்க் கதிர்களை வீசுகிறது. அவற்றின் உச்சம் 9.4 மைக்குரோமீற்றர் அளவில் இருக்கும். நாங்கள் அசையும்போது பீங்கானில் விழும் கதிர் மாறுகிறது, மிகச் சிறிய மின்னேற்றம் பிறக்கிறது. அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடுவதும் இதனால்தான்.

எங்கள் தொழிலில் அது வேறு வடிவில் வரும். நாங்கள் மயக்கமருந்துத் துறையில் பயிற்சி பெற்ற காலத்தில், ஓர் இரவு, ஒரு சிறுவனுக்கு அவசர சத்திரசிகிச்சை. சுவாசக் குழாயைச் செலுத்தினோம். நெஞ்சில் காது வைத்தபோது மூச்சொலி கேட்டது போலவே இருந்தது. ஆனால் வெளிமூச்சில் காபனீரொட்சைட்டைக் காட்டும் திரையில் அலை எழவில்லை. குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. உடனே அதை எடுத்து, முகமூடியால் ஒட்சிசன் கொடுத்து, மீண்டும் செலுத்தினோம். அலை எழுந்தது. பிள்ளை பிழைத்தான். எங்கள் காது பொய் சொன்ன வேளையில் கருவி உண்மை சொன்னது.

காபனீரொட்சைட்டு 4.26 மைக்குரோமீற்றர்க் கதிரை விழுங்கும். எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரியும். இத்தகைய வாயு அளவிகளில் ஒரு வகையில், எஞ்சிய கதிரைப் பிடிப்பது பைரோ எலெக்ட்ரிக் உணரி. அதற்கு மாற்றம் வேண்டும் என்பதால் கதிர்விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கிறார்கள்.

சரி, இந்தப் பீங்கானில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? எங்கள் ஊர் மத்தியானத்தை எண்ணிப் பாருங்கள். தோலின் வெப்பநிலை 33 பாகை அளவில். சுவரும் அதே அளவுக்குச் சுட்டிருக்கும். ஆளுக்கும் சுவருக்கும் வேறுபாடு குறையும்போது உணரி தடுமாறும். ஆகவே பீங்கான் சிறு மாற்றத்துக்கும் நிறைய மின்னேற்றம் தர வேண்டும். சூடேறத் தானே அதிக வெப்பத்தை விழுங்கக் கூடாது. பிறந்த மின்னேற்றத்தைத் தனக்குள் முடக்கக் கூடாது. தன்பாட்டில் இரைச்சல் எழுப்பவும் கூடாது. ஒன்றைத் திருத்தப் போனால் இன்னொன்று கெடும், அதுதான் சிக்கல்.

இதற்குச் செய்யும் வேலைகள் எங்கள் சமையலறைப் பெண்களுக்குப் புதிதல்ல. உப்புப் போடுவதுபோல மங்கனீசைச் சிறிதளவு சேர்த்தால் இரைச்சல் குறைகிறது. சூளையில் எரிந்துபோகும் மாத்துணிக்கைகளைக் கலந்து சுட்டால், அப்பத்தில் கண் விழுவதுபோல நுண்துளைகள் விழும். மின்னேற்றம் முடங்குவது குறையும். துளை மிஞ்சினால் பீங்கான் நொறுங்கும். மெல்லியதாகச் சீவினால் விரைவாகச் சூடேறும். இரண்டு துண்டுகளை எதிரெதிராக இணைத்தால், அறை முழுவதும் சூடேறும்போது இரண்டின் மின்னும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆள் கடப்பது மட்டும் தெரியும்.

வைத்தியர்களாகிய எங்களை உறுத்துவது வேறொன்று. மிகுதியாகப் பயன்படும் பீங்கான் ஈயமும் சிர்க்கோனியமும் தைத்தேனியமும் சேர்ந்தது. அதன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் ஈயம். கருவிக்குள் அடைபட்டிருக்கும்வரை பயமில்லை. ஆனால் சூளையில் ஈய ஒட்சைட்டு ஆவியாகும். பழைய கருவிகளைக் குப்பையில் உடைத்து எரிக்கும் இடத்தில் அது புகையிலும் மண்ணிலும் சேரும். குழந்தையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் மின் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியபோதும் இந்தப் பீங்கான்களுக்கு விலக்களித்தது. சரியான மாற்று கைவசம் இல்லாததே காரணம்.

மாற்றுகள் இல்லாமல் இல்லை. பேரியம் தைத்தனேற்று ஈயம் இல்லாதது. ஆனால் 120 பாகை அளவில் அதன் ஏற்றங்களின் ஒழுங்கு குலைந்துவிடும். பற்றாசு வைக்கும் சூடு அதைவிட அதிகம். சோடியமும் பிசுமதும் சேர்ந்த பீங்கான்களும் உண்டு. அவற்றுக்கும் வெப்பத்தைத் தாங்குவதில் குறை உண்டு. ஒரு பிள்ளையின் மூச்சைக் காக்கும் பொருள், இன்னொரு பிள்ளையின் மூளையைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

நூற்றாண்டுப் பரிசாக எங்கள் வகுப்பு பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. இரசாயன ஆய்வுகூடத்துக்கு ஒரு சிறு மின்சூளையும், ஒரு தோரமல்லிக் கல்லும் கொடுக்கிறோம். கல்லைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், ரீச்சர். பிள்ளைகள் அதைச் சூடாக்கட்டும். சாம்பல் தாவி ஒட்டுவதைத் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். ஏன் என்று கேட்கட்டும்.