யார் எடுத்த படம்? – ஸானெலே முஹோலியின் கலை குறித்து



நினைவுப் பேருரை என்றால் மேடை ஓரத்தில் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். இன்றும் இருக்கிறது. அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறோம். நம் சனங்களில் எத்தனை பேருக்குச் செத்தபிறகு மாலை போட ஒரு நல்ல படம் இருக்கிறது? வாக்காளர் அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கித்தான் மாட்டுகிறோம். அதை விட்டால், நம்மை நோக்கி கேமரா வருவது வன்கொடுமைக்குப் பிறகுதான். எரிந்த குடிசை, தலைவிரிகோலமாய் அழும் தாய், துணி போர்த்திய உடல். உண்மையறியும் குழுக்களில் போய் அப்படிப் பல படங்கள் எடுத்தவர்கள் நாங்கள்.

ஒருமுறை, வீடு கொளுத்தப்பட்ட ஓர் அம்மா எங்களைப் பார்த்து, "படம் எடுக்கிறதா இருந்தா இருங்க, சீலை மாத்திக்கிட்டு வந்துடுறேன்" என்றார். "வேண்டாம்மா, இப்படியே இருங்க" என்று சொல்லி எடுத்தோம். அறிக்கைக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. இந்த உறுத்தலோடுதான் தென்னாப்பிரிக்கக் கலைஞர் ஸானெலே முஹோலியின் படங்களைப் பார்க்கத் தொடங்கினோம்.

முஹோலி 1972இல் டர்பன் நகரை ஒட்டிய உம்லாஸியில் பிறந்தவர். மும்பையில் தலித் பாந்தர்கள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஆண்டும் அதுதான். உம்லாஸி, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைத்த குடியிருப்பு. ஊருக்கு வெளியே சேரி என்றால் என்னவென்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை போய்விட்டார். தாய் பெஸ்டர் 42 ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தார்.

முஹோலி தன்னை ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிகளிலும் அடைத்துக்கொள்ளாதவர். ஆங்கிலத்தில் இவரைக் குறிக்கப் பன்மைச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் நமக்கு 'அவர்' இருப்பதால் சிக்கல் இல்லை. அந்த 'அவர்' நம் கிராமங்களில் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு பேச்சு.

கேமராவுக்கு வருமுன் அவரும் நம்மைப்போல உண்மையறியப் போனவர்தான். 2002இல் கறுப்பினத் தற்பாலீர்ப்புப் பெண்களுக்கான ஓர் அமைப்பைத் தோழர்களோடு சேர்ந்து தொடங்கி, வெறுப்புக் குற்றங்களைப் பதிவு செய்தார். பாலியல் நாட்டத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று 1996லேயே அரசமைப்பில் எழுதிய நாடு அது. 2006இல் ஒரே பாலினத்தவர் திருமணத்தையும் சட்டமாக்கியது. அதே காலத்தில் கறுப்பினக் குடியிருப்புகளில், 'திருத்துகிறோம்' என்று சொல்லி இந்தப் பெண்களை வன்புணர்ந்தார்கள், கொன்றார்கள். சட்டப் புத்தகத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரம், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் நமக்குத் தெரியும்.

அவருடைய தொடக்ககாலப் படங்களில் முகமே இருக்காது. 2004இல் எடுத்த 'பின்விளைவு' என்ற படத்தில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஓர் உடல், தொடையில் நீண்ட தழும்பு, முன்னே கோத்த கைகள். அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்பதால் அப்படி. மாதவிடாய் இரத்தத்தையே வண்ணமாக்கி அவர் செய்த கோலங்கள் போன்ற வேலைகளும் உண்டு. ஆவணப்படம், சிற்பம் என்றும் போயிருக்கிறார்.

2006இல் எல்லாம் திரும்புகிறது. 'முகங்களும் நிலைகளும்' என்ற தொடரை அந்த ஆண்டு தொடங்குகிறார். கறுப்பு வெள்ளைப் படங்கள். கறுப்பினத் தற்பாலீர்ப்புப் பெண்கள், திருநர்கள், தங்களுக்குப் பிடித்த உடையில் நின்று நேராக நம்மைப் பார்க்கிறார்கள். அழுகை இல்லை, காயம் தெரியவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் பெயர், ஊர், ஆண்டு. காலனிய ஆவணங்களில் கறுப்பின மக்களின் படத்துக்குக் கீழே இனக்குழுப் பெயர்தான் இருக்கும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் மூக்கை அளந்து சாதிப் பெயரில் பதிந்ததும் அதே வழக்கந்தான். ஆகவே அந்தப் பெயரும் ஊரும் சின்ன விஷயம் இல்லை.

இந்தத் தொடர் 500 படங்களைத் தாண்டிவிட்டது. சிலரைப் பல ஆண்டு கழித்து மறுபடி எடுத்திருக்கிறார். சிலரை எடுக்க முடியாது. முதல் படத்தில் இருந்த கவிஞர் பூசி சிகாசா அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். கண்காட்சிச் சுவரில் படங்களை வரிசையாக மாட்டும்போது முஹோலி நடுநடுவே சில இடங்களைக் காலியாக விடுகிறார். இறந்தவர்களுக்கும், இன்னும் படமெடுக்கப்படாதவர்களுக்கும் அந்த இடங்கள்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 2009இல் ஜோகன்னஸ்பர்க்கில், பெண்கள் அணைத்துக்கொண்டிருக்கும் இவருடைய படங்கள் இருந்த கண்காட்சியிலிருந்து கலைப் பண்பாட்டு அமைச்சர் லுலு சிங்வானா வெளியேறினார். இது ஒழுக்கக்கேடு என்றார். அவர் நிறவெறியை எதிர்த்துப் போராடிய கட்சியின் அமைச்சர், கறுப்பினப் பெண். நம் கூட்டங்களிலும் ஒரு திருநம்பித் தோழரோ, பெண்ணை நேசிக்கும் ஒரு பெண்ணோ பேச எழுந்தால், "முதல்ல சாதியை ஒழிப்போம், இதெல்லாம் அப்புறம்" என்று சொல்லி உட்காரவைத்திருக்கிறோம். 2012இல் கேப்டவுனில் முஹோலியின் வீட்டிலிருந்து 20க்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகள் திருடுபோயின. பல ஆண்டு உழைப்பு போனது. கொல்லப்பட்ட பெண்களின் இறுதிச் சடங்குகளை எடுத்தவையும் அதில் இருந்தன.

அதே 2012இல் தன்னையே படமெடுக்கும் தொடரைத் தொடங்கினார். 'வாழ்க கரும் பெண்சிங்கம்' என்று பொருள்படும் ஸூலு மொழித் தலைப்பு. அச்சில் தன் தோலை இருந்ததைவிடக் கறுப்பாக்குகிறார். 34 சுரங்கத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்ற மாரிகானாவை நினைத்து, சுரங்க ஹெல்மெட்டோடு ஒரு படம். 2015இல் தாயின் பெயரிலேயே ஒரு படம். துணி கிளிப்புகள் தலையில் கிரீடமாக, காதில் தோடாக இருக்கின்றன. 42 ஆண்டு ஒரு அம்மாவின் கை புழங்கிய பொருள் அது. அந்தப் படத்தின் முன் நாங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். ஆற்றுதல் என்று கலை விமர்சகர்கள் சொல்லும் வார்த்தைக்கு அங்கேதான் எங்களுக்குப் பொருள் கிடைத்தது.

இந்தப் படங்கள் லண்டன் டேட் மாடர்னில் தொங்கியிருக்கின்றன. பணக்காரர்கள் வாங்குகிறார்கள். அது எங்களுக்குக் கொஞ்சம் நெருடல்தான். ஆனால் 2009இல் 'இன்கன்யிசோ' என்ற அமைப்பைத் தொடங்கி, தன்னால் படமெடுக்கப்பட்டவர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்கியவரும் அவர்தான். எங்களுக்கு அந்த வேலை அருங்காட்சியகத்தைவிடப் பெரிது.

நாங்களும் இப்போது அறிக்கைக்குப் போனால் முதலில் பெயர் கேட்கிறோம். சீலை மாற்ற நேரம் கொடுக்கிறோம். அந்த அம்மா போன வருடம் இறந்துவிட்டார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று அவர் மகன் எங்களைத் தேடி வந்தார். எங்களிடம் இருந்தது அந்த ஒரே படம்தான்.