வெள்ளவத்தையில் ஒரு தேங்காய், ரியாத்தில் ஒரு பாக்கு

(கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து கோச்சியேறி வந்திருக்கும் பெற்றோருக்கும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துகொண்டு, இன்றைக்கு லீவு கேட்டு வாங்கி வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் விசேட வணக்கம்.

வழக்கமாக நாம் பேச எழுந்தால் சேமலாப நிதி, பிள்ளை மடுவம், குடிதண்ணீர் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். பயப்பட வேண்டாம், சாதகம் பார்க்கப் போகவில்லை. "கூரை ஒழுகுது, அத முதல்ல பாருங்க வெல்பெயார் ஐயா, வானத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று முன்வரிசையில் ஓர் அம்மா சொல்வது காதில் விழுந்தது. நியாயமான பேச்சு. அந்தக் கூரை எமது புத்தகத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் நேற்று எம்மோடு வந்த ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு எம்மால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

நேற்றுத் தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு 7இல் இருக்கும் கோள்மண்டலத்துக்குக் கூட்டிப் போனோம். 1965இல் நடந்த கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டிய கட்டிடம் அது. தாமரைப் பூவைப் போலக் கொங்கிறீட்டில் வடிவமைத்தவர் எமது நாட்டுப் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க. பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போனோம். மார்க்கெட்டில் ஒரு தேங்காயும் ஒரு பொட்டலம் கடுகும் வாங்கிக்கொண்டோம். எதற்கு என்று கேட்கிறீர்களா? கணக்குப் போடத்தான்.

இந்தத் தேங்காய்தான் சூரியன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்ரிமீற்றர் என்றால் ஓர் இலட்சம் கிலோமீற்றர். அப்படியென்றால் நாம் வாழும் பூமி எவ்வளவு பெரிசு? ஒரு கடுகு. அந்தக் கடுகைத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைக்க முடியாது. மணலில் இருபது எட்டு எடுத்து வைத்து, 15 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். இலங்கை, இந்தியா, சவூதி, நாம் கொழுந்து பறிக்கும் மலை, தகராறு பண்ணும் எல்லை, எல்லாமே அந்தக் கடுகுக்குள்ளேதான். சந்திரன் ஒரு மணல் துணிக்கை. கடுகிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் இருக்கிறது. 1969 முதல் 1972 வரை 12 பேர் அங்கே நடந்தார்கள். மனிதன் காலால் மிதித்த ஆகக் கூடிய தூரம் அந்த இரண்டு விரல்தான்.

வியாழன் ஒரு சுண்டைக்காய்; 78 மீற்றரில். கடைசிக் கிரகமான நெப்டியூன் ஒரு மிளகு, 450 மீற்றரில். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே நடந்து களைத்துப் போனார்கள். "அடுத்த நட்சத்திரம் எங்க ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். சூரியனுக்கு மிகக் கிட்ட இருக்கும் நட்சத்திரத்தின் பெயர் புரொக்சிமா சென்ரோரி. சிறிய நட்சத்திரம், எமது கணக்கில் ஒரு கொட்டைப்பாக்கு. அதை வைக்க வேண்டிய இடம் 4,000 கிலோமீற்றருக்கு அப்பால். நாம் கடலைக் காட்டினோம். கடலைத் தாண்டி, அரபிக் கரையையும் தாண்டி, சவூதியில் ரியாத் நகரத்தில் போய் வைக்க வேண்டும்.

ரியாத் என்றதும் மூன்று பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுடைய அம்மாமார் அங்கேதான் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தூரத்தை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு தேங்காய், ரியாத்தில் ஒரு பாக்கு. இடையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இப்படிப்பட்ட சூரியன்கள் எமது பால்வீதியில் மட்டும் 10,000 கோடிக்கு மேல். பால்வீதியைப் போன்ற கூட்டங்கள் இன்னும் கோடிக் கணக்கில். ஒளி ஒரு செக்கனில் 3 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. சூரிய வெளிச்சம் எமக்கு வந்துசேர எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஆகிறது. புரொக்சிமாவின் ஒளி வர நாலு வருஷத்துக்கு மேல். அந்திரமேடா என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் ஒளி வர 25 இலட்சம் வருஷம். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் கொழும்பில் பார்க்க முடியாது, இங்கே தெரு விளக்கு அதிகம். கார்த்திகை, மார்கழியில் மழை விட்ட இரவு, நிலவு இல்லாத நேரம், லயத்து முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டு வடக்கே பார்த்தால் மங்கலான ஒரு புகைத் திட்டாகத் தெரியும். கொழும்புக்காரருக்குக் கிடைக்காத ஒன்று எம்மிடம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இந்தப் பெரிய வெளியில் மனிதன் அனுப்பிய பொருள்களில் ஆகத் தூரம் போனது எது? வொயேஜர் 1 என்னும் விண்கலம். 1977 செப்டெம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பியது. அதன் சோடியான வொயேஜர் 2 அதற்குப் பதினாறு நாள் முன்னதாகவே கிளம்பியது. இரண்டும் வியாழன், சனி ஆகியவற்றைப் பார்த்தன. வொயேஜர் 2 மட்டும் 1986இல் யுரேனசையும் 1989இல் நெப்டியூனையும் பார்த்துவிட்டுப் போனது. வொயேஜர் 1, 2012இல் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஹட்டனிலிருந்து கொழும்புக்குக் கோச்சி ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கிறது. வொயேஜருக்குப் பத்து செக்கன் போதும். அந்த வேகத்தில் ஏறக்குறைய ஐம்பது வருஷமாக ஓடுகிறது. இன்றைக்கு அது 2,500 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. எமது தேங்காய்க் கணக்கில் எவ்வளவு தூரம்? இரண்டரைக் கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து கிளம்பி, காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான். ரியாத்துப் பாக்கின் திசையிலேயே போனாலும் போய்ச் சேர 75,000 வருஷம் ஆகும்.

1990 பெப்ரவரி 14ஆம் திகதி வொயேஜர் 1 ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வானியலாளர் கார்ல் சேகன் சொன்னதன் பேரில், 600 கோடி கிலோமீற்றரிலிருந்து பூமியைப் படம் எடுத்தார்கள். 600 மீற்றரில் நின்று கடுகைத் திரும்பிப் பார்த்தால் எப்படி? அப்படி ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பெரிய துரை, சின்னத் துரை, கங்காணி, கொழுந்து பறிக்கும் அம்மா, எல்லோரும் அந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறோம். யாருக்கும் அதில் தனிப் புள்ளி இல்லை.

அத்தனை தூரத்திலிருந்து அது இன்னும் பேசுகிறது என்பதுதான் அதிசயம். அதன் ஒலிபரப்புக் கருவியின் வலு சுமார் 23 வாட். உங்கள் காம்பராவில் எரியும் ஒரு சின்ன பல்பின் அளவு. அந்தச் சேதி இங்கே வர 23 மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கேட்க அமெரிக்கா, ஸ்பெயின், அவுஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களில் 70 மீற்றர் அகலமான தட்டுகள் வைத்திருக்கிறார்கள். லயத்துக் கூரையில் நாம் பூட்டியிருக்கும் டிஷ்ஷின் பெரிய அண்ணன்மார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நமது டிஷ் பார்ப்பது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றரில் இருக்கும் செய்மதியை. அந்த உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே விளக்கி எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்தவர் 2008இல் இறக்கும்வரை எமது நாட்டில்தான் வாழ்ந்தார். பொரளை கனத்தையில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

2023 நவம்பரில் வொயேஜர் 1 உளற ஆரம்பித்தது. சேதி வருகிறது, அர்த்தம் இல்லை. கலத்தின் கணினியில் ஒரு நினைவகத் துண்டு பழுது. போய்த் திருத்த முடியுமா? ஒரு கட்டளை அனுப்பினால் பதில் வர கிட்டத்தட்ட இரண்டு நாள். பொறியியலாளர்கள் ஐந்து மாதம் பொறுமையாக இருந்து, பழுதான இடத்தில் இருந்ததை வேறு இடங்களுக்குப் பிரித்து மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் அது மீண்டும் ஒழுங்காகப் பேசியது. யாரும் "பழசுதானே, விடு" என்று கைவிடவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறோம். இரண்டு வொயேஜரிலும் தங்கமுலாம் பூசிய ஓர் இசைத்தட்டு இருக்கிறது. எப்போதாவது யாராவது கண்டெடுத்தால் எம்மைப் பற்றித் தெரியட்டும் என்று வைத்தது. அதில் படங்கள், பாட்டுக்கள், 55 மொழிகளில் வணக்கம். சிங்களத்தில் 'ஆயுபோவன்' இருக்கிறது. சீனத்து மொழி ஒன்றில் ஒருவர் சாப்பிட்டீர்களா என்றே விசாரித்திருக்கிறார். இதை நாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தபோது தரம் 9 படிக்கும் ஒரு பிள்ளை கேட்டாள்: "ஐயா, அதுல நம்ம பாஷை இருக்கா?"

இல்லை. ஹிந்தி இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. தமிழ் இல்லை. நாம் உண்மையைச் சொன்னோம். பஸ்ஸில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இரவெல்லாம் யோசித்தோம். தமிழை யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. காலம் குறைவு, பெரும்பாலான வணக்கங்களை அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அவசரமாகப் பதிவு செய்தார்கள். அன்றைக்கு அங்கே கைக்கெட்டிய ஆட்களின் மொழி ஏறியது. பிள்ளைகளே, பெயர் போடும் நேரத்தில் பெரட்டுக்களத்தில் இல்லாதவருக்குப் பெயர் விழாது. அது எமது தோட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த கதை. கோபப்பட்டுப் பயனில்லை. அடுத்த பெரட்டில் நாம் நிற்க வேண்டும்.

நிற்க முடியுமா? முடியும். காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணை நாசாவில் ஆராய்ந்தவர். சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். 1999இல் அனுப்பிய தொலைநோக்கிக்கு அவர் பெயரால் 'சந்திரா' என்று பெயர். பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமப் பாடசாலையில் தமிழில் படித்த மயில்சாமி அண்ணாதுரைதான் 2008இல் போன சந்திரயான் 1இன் திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய சந்திரயான் 3க்குத் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். ரயில்வே தொழிலாளியின் மகன். முதலில் டிப்ளோமா படித்து, பிறகு படிப்படியாக மேலே போனவர்.

ஆகவே பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். நேற்றுக் கடற்கரையில் "அடுத்த நட்சத்திரம் எங்க" என்று கேட்டானே, அந்தப் பையனுக்கு வெள்ளவத்தையில் கடை பேசி முடித்திருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பதினாறு வயது வரை பாடசாலை கட்டாயம் என்பது நாட்டுச் சட்டம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். வீட்டுக் கஷ்டம் எமக்குத் தெரியும். கொப்பி, சப்பாத்து, பஸ் காசு எதுவென்றாலும் முதலில் எம்மிடம் வாருங்கள். கடை எங்கேயும் ஓடிவிடாது. அந்த இரண்டு வருஷம் போனால் வராது.

இங்கே வேலை செய்யும் பிள்ளைகளிடமும் ஒன்று. வொயேஜர் 23 வாட்டில், 2,500 கோடி கிலோமீற்றரிலிருந்து, வீட்டுக்குச் சேதி அனுப்புகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து பதுளைக்கு அவ்வளவு தூரம் இல்லை. அம்மாவுக்குக் கிழமைக்கு ஒரு போன் எடுங்கள்.

நேற்று இரவு அந்தப் பிள்ளையிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து, "இன்னொரு தட்டுப் போனால் நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டோம். அவள் எழுதியது இதுதான்:

"வணக்கம். நாங்க மலைநாட்டுல இருந்து பேசுறோம். எங்க ஊரு கடுகு மாதிரி, கவனமா தேடுங்க. வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

இதைவிட நல்ல வணக்கம் எமக்குத் தெரியாது.