வாய்ப்பூட்டும் ஒரு மகனின் வாதமும்



இறந்தோருக்காகச் சிறப்பாக மன்றாடும் நவம்பர் மாதத்தில் இருக்கிறோம். கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, திருப்பலிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். இவ்வேளையில் நம் மாவட்ட மண்ணோடு தொடர்புடைய ஒரு தந்தையையும் மகனையும் நினைத்துப் பார்ப்போம்.

செங்கம் சாலையில் ரமணாசிரமப் பக்கம் நடந்தால், அமைதி தேடி வந்த வெளிநாட்டவரைத் தினமும் பார்க்கிறோம். 1760 ஜனவரி 22 அன்று நம் மாவட்டத்து வந்தவாசிக்கு வெளிநாட்டவர் வந்தது போருக்காக. பிரெஞ்சுப் படையின் தளபதி லாலி பிரபு. எதிரே ஆங்கிலேயப் படையின் தளபதி ஐர் கூட். இருவருமே அயர்லாந்து வழி வந்தவர்கள்!

லாலியின் தந்தை ஜெரார்ட், கால்வே பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்க உயர்குடியினர். மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பக்கம் நின்று தோற்று, நாட்டையும் நிலத்தையும் இழந்து, பிரான்சில் தஞ்சம் புகுந்தவர். அங்கே 1702-இல் பிறந்த லாலி, பெரிய போர்வீரராக வளர்ந்து, 1758-இல் புதுச்சேரி வந்து இறங்கினார்.

அகதியின் மகனுக்கு எளியவரின் வலி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் கடலூர்க் கோட்டையைத் தாக்கப் போனபோது, சுமை தூக்க ஆளில்லை என்று புதுச்சேரி மக்களை வலுக்கட்டாயமாக இழுத்துச் சுமக்க வைத்தார். தஞ்சைப் படையெடுப்பில் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினார். அர்ச்சகர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்துக் கொன்றார். மக்களின் மனம் அவரை விட்டு விலகியது. சென்னை முற்றுகை தோற்றது, வந்தவாசியும் தோற்றது, 1761 ஜனவரியில் பசியால் வாடிய புதுச்சேரி சரணடைந்தது.

கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட லாலி, பிரான்சில் தம்மீது பழி சுமத்தப்படுவதை அறிந்து, வழக்கைச் சந்திக்கத் தாமே அனுமதி கேட்டுத் திரும்பினார். பாஸ்டீல் சிறையில் அடைத்தார்கள். தோல்விக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. துரோகி என்று தீர்ப்பாயிற்று. 1766 மே 9 அன்று, பேசிவிடக் கூடாது என்று வாயைக் கட்டி வண்டியில் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள்.

அவருக்கு முறைப்படி திருமணம் ஆகாமல் பிறந்த ஒரு மகன், திரோஃபீம். தம் தந்தை யார் என்பதே சாவுக்குச் சற்று முன்தான் அந்த 15 வயதுப் பையனுக்குத் தெரிந்தது. தந்தை கட்டுண்ட வாயோடு இறந்தார். மகன் அவருக்கு வாயானார். வால்டேர் என்ற எழுத்தாளரும் துணை நின்றார். 12 ஆண்டுகள் கழித்து, 1778-இல், மன்னரின் மன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

அன்புக்குரியவர்களே, பெற்றோரை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை அவர்கள் இறந்த பின்னும் நம்மைக் கட்டுகிறது. ஆனால் இன்னொன்றையும் மறவாதிருப்போம். லாலி துரோகி அல்லர். அதற்காகக் குற்றமற்றவரும் அல்லர். புதுச்சேரியில் சுமை சுமந்தவர்களுக்காகவும், கீழ்வேளூரில் மாண்டவர்களுக்காகவும் எந்த மன்றம் கூடியது? அவர்களுக்கு வாயாக யார் இருந்தார்?

நம் வீடுகளிலும் இப்படித்தான். தாத்தாவுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைப் பேரன் வரை சொல்லி வைக்கிறோம். தாத்தா பிறருக்குச் செய்த அநியாயத்தை அவரோடு புதைத்துவிடுகிறோம். வரப்புத் தகராறிலும் பங்குப் பேரவைக் கூட்டத்திலும், பிடிக்காதவர் வாய் திறக்குமுன்பே தீர்ப்புச் சொல்லி முடிக்கிறோம். அதுவும் வாய்ப்பூட்டுத்தான்.

ஆகவே இந்த மாதம் நம் முன்னோரின் பெயரைத் திருப்பலிக்குக் கொடுக்கும்போது, அவர்களால் காயப்பட்ட குடும்பத்தையும் மன்றாட்டில் சேர்ப்போம். முடிந்தால் அந்த வீட்டு வாசலை ஒருமுறை மிதிப்போம். திருப்பித் தர வேண்டியது இருந்தால் தருவோம். இறந்தோருக்கு நாம் செய்யக்கூடிய நல்ல உதவி அது.

நீதியும் இரக்கமும் நிறைந்த ஆண்டவர் இறந்தோருக்கு நித்திய இளைப்பாற்றியையும், நமக்கு ஒப்புரவின் துணிவையும் தருவாராக. ஆமென்.