காலணி சொல்லும் செய்தி

காலில் கிடக்கும் செருப்பு வழி சொல்லும் என்றால் நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள். ஆனால் நாம் பிழைப்புக்கு வந்து சேர்ந்திருக்கும் இந்த ஐதராபாத்-செகந்தராபாத் இரட்டை நகரிலேயே அந்தப் புதுமை நிகழ்ந்தது. 2011-ஆம் ஆண்டில் கிறிஸ்பியன் லாரன்ஸ், அனிருத் சர்மா என்னும் இரு இளைஞர்கள் இங்கே டுசேரே டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பார்வையற்றவர் கையிலுள்ள கோல், எதிரே கிடக்கும் கல்லைக் காட்டும். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டாது. காதில் ஒலிப்பானை மாட்டி வழி சொல்லலாம் என்றாலோ, அவருக்குக் கண்ணாக இருப்பதே காதுதான், அதை அடைத்துவிடலாகாது. ஆகவே அவர்கள் காலைத் தேடிப் போனார்கள். கைப்பேசியிலுள்ள வரைபடம் வழியைக் கணிக்கும். இடப்புறம் திரும்ப வேண்டுமானால் இடக்காலின் காலணி மெல்ல அதிரும். வலப்புறமானால் வலக்காலின் காலணி அதிரும். 'லே சல்' என்று அதற்குப் பெயர். 'அழைத்துப் போ' என்பது அந்த இந்திச் சொற்களின் பொருள். 2014-ஆம் ஆண்டில் அது உலகச் செய்தியாயிற்று.

அதைச் சோதித்துப் பார்த்த பணியில் இந்நகரின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையமும் பங்குகொண்டது. 'மனோகரா' படத்தை 1954-இல் நமக்கு அளித்த அதே எல்.வி. பிரசாத்தின் பெயரைத்தான் 1987-இல் தோன்றிய இந்நிலையம் தாங்கி நிற்கிறது என்பதை இங்குள்ள தமிழரிலும் பலர் கவனிப்பதில்லை.

'லே சல்' காலணி நடப்பவருக்குச் செய்தி சொன்னது. நடந்த அடிகளையும் எண்ணிக் கொடுத்தது. அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. கால் படும் பாட்டைக் காலணி கேட்டுக்கொண்டு, தொலைவிலுள்ள மருத்துவருக்கோ மகனுக்கோ சொல்ல முடியுமா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

இந்தக் கேள்வி வீண் வேடிக்கையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வு ஒன்றின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. கால் வலித்தால் நாம் மருத்துவரிடம் ஓடுவோம். இங்கே கேடு என்னவென்றால், கால் வலிப்பதில்லை. செருப்புக்குள் விழுந்த சிறு கல்லோடு ஒருவர் நாள் முழுதும் நடப்பார். மாலையில் காலுறையில் ஈரம் கண்டு, என்ன இது என்று பார்க்கும்போது புண் ஆழப் போயிருக்கும். அதில் சீழ் வைத்து, விரலையோ பாதத்தையோ எடுக்க நேர்ந்த குடும்பங்களை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

இத்தகைய கால்களுக்காகச் செய்யப்படும் காலணியின் உள்ளே மெல்லிய தகடு போன்ற உணர்விகள் பதிக்கப்படுகின்றன. அழுத்தம் மிகும்போது அவற்றின் மின்தன்மை மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிறு மின்கலத்தின் உதவியால் அளந்து, புளூடூத் என்னும் குறுந்தொலைவு வானொலி அலையில் கைப்பேசிக்கு அனுப்பிவிடலாம். எவ்வளவு அழுத்தம் ஆபத்து? காலணிக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ எடை என்ற அளவுக்குள் உச்ச அழுத்தம் அடங்கியிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் ஒரு வரம்பு. வெப்பத்தையும் அளக்கலாம். ஒரு பாதத்தின் ஓரிடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் மேலாகச் சுட்டு, மறுநாளும் அப்படியே இருந்தால், தோலுக்கடியில் அழற்சி தொடங்கிவிட்டது என்று கொள்கிறார்கள். புண் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சூடு அதை அறிவித்துவிடுகிறது.

சூடு அறிவிக்கும் என்ற இந்த உண்மையை யந்திரங்களுக்கு முன்பே வெறுங்கையால் கண்டறிந்தவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரலும் பாதமும் அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் எல்லோரும் எண்ணியிருந்தனர். அழுகவில்லை, உணர்விழந்த காலை அறியாமல் தேய்த்தும், குத்தியும், சுட்டும் நோயாளியே அழித்துக்கொள்கிறார் என்று பிராண்டும் அவருடன் உழைத்தோரும் எடுத்துக்காட்டினார்கள். நோயாளியின் பாதத்தைக் கையால் தடவிச் சூடுள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே புண் வருமுன் ஓய்வு கொடுப்பது அவர்கள் கையாண்ட முறை. நுண்ணறை ரப்பரால் செய்த மெத்தென்ற செருப்பு வேலூரிலும் கரிகிரியிலும் பழக்கத்துக்கு வந்தது. இன்றும் அரசு மருத்துவமனைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டால் தெரியாதவர் இல்லை.

1960-களின் நடுவில் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் செய்தவை நம் பொருளுக்கு மிக நெருங்கியவை. சாயம் அடைத்த நுண்ணிய உறைகளைக் காலுறையில் பதித்தார். அழுத்தம் மிகுந்த இடத்தில் உறைகள் நசுங்கும். காலுறையின் நிறம் மாறும். எங்கே ஆபத்து என்பதை நோயாளியே கண்ணால் பார்க்கலாம். இந்த முயற்சி 1969-இல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. பிறகு ஒரு படி மேலே போனார். வலியை இழந்தவருக்குச் செயற்கை வலி ஒன்றை அமைத்துத் தரலாம் என்று பொறியியல் அறிஞர்களுடன் கூடி முயன்றார். கையுறையிலும் காலணியிலும் உணர்விகள். அழுத்தம் வரம்பைக் கடந்தால் காதில் ஓசை. ஓசையை நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. சரி, உணர்வுள்ள இடமாகப் பார்த்து மின்னதிர்ச்சியே கொடுப்போம் என்றார்கள். அதிர்ச்சி உறைக்கத்தான் செய்தது. ஆனால் நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை முடியும்வரை விசையை அணைத்துவிட்டு, முடிந்ததும் மீண்டும் போட்டுக்கொண்டார்கள்!

பிராண்ட் அந்த முயற்சியைக் கைவிட்டார். நம்முடைய வலியை நாம் அணைக்க முடியாது. யந்திரத்தின் வலியை அணைக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டில் அவருடைய பல்லாண்டு உழைப்பு நின்றுபோயிற்று. இன்றைய காலணிகளைப் பற்றி வரும் விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக முயற்சி முழுதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர ஆய்வாளர்கள் அழுத்தம் அறியும் உள்தகடுகளை நீரிழிவு நோயாளிகளின் காலணியில் வைத்து, கைக்கடிகாரத்தில் எச்சரிக்கை வரச் செய்தார்கள். ஒரு சாராருக்கு எச்சரிக்கை கிடைத்தது. மறு சாராருக்குக் கிடைக்கவில்லை. 2019-இல் வெளியான முடிவின்படி, எச்சரிக்கை பெற்றவர்களிடம் புண்கள் 71 சதவீதம் குறைந்திருந்தன. ஆய்வை நிறைவு செய்தவர்கள் 58 பேரே, சிறிய ஆய்வுதான். நாளொன்றுக்கு நாலரை மணி நேரமாவது அணிந்தவர்களுக்குப் பயன் இன்னும் மிகுதியாக இருந்தது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

நாலரை மணி நேரம்! இங்கேதான் நம்மவர் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்நாட்டார் பலர் வீட்டுக்குள்ளும் காலணியோடு இருப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களோ வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஓர் அம்மையார் நாள் முழுதும் நடக்கும் நடையில் பெரும்பகுதி அடுக்களைக்கும் கூடத்துக்கும் கொல்லைப்புறத்துக்கும் இடையே வெறுங்காலில் நடப்பது. மீதி நடை கோயிலில். செகந்தராபாத் பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்குச் செல்லும் நம்மவர், காலணியை வெளியே விட்டுத்தானே உள்ளே போகிறார்கள்? எவ்வளவு நுட்பமான உணர்வி பதித்த காலணியாயினும் அது வாசலில் காத்திருக்கும். சித்திரை வெயிலில் கல்தளம் உணர்விழந்த பாதத்தைச் சுடும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. நம் நாட்டு மருத்துவர்கள் வெந்த கால்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறார்கள்.

அணைக்கவும் மறக்கவும் இடமில்லாத ஓர் உபாயத்தைப் பெங்களூரில் தேடியிருக்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்தாரும் கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து 2022-இல் அறிவித்த காலணியில் மின்கலமே கிடையாது. பாதத்தின் கீழே சிறு வளைவுகள் உள்ளன. ஓரிடத்தில் அழுத்தம் வரம்பைக் கடந்தால் அங்குள்ள வளைவு மடங்கிப் பள்ளமாகிவிடும். பாரம் பக்கத்து இடங்களுக்குப் போய்விடும். காலைத் தூக்கியதும் வளைவு மீண்டும் நிமிரும். இது யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. செய்தியைக் கேட்டுச் செய்ய வேண்டியதைத் தானே செய்துவிடுகிறது. நம் மனம் இந்தப் பக்கமே சாய்கிறது என்பதை மறைப்பானேன்? ஆயினும் இதுவும் காலில் இருந்தால்தான் பயன்.

செய்தி அனுப்பும் காலணி வேண்டுவோர் மற்றொன்றையும் யோசிக்க வேண்டும். தாய் கும்பகோணத்தில் இருக்கிறாள். மகன் ஐதராபாத்தில் அலுவலகத்தில் இருக்கிறான். 'இடப்பாதத்தில் சூடு மிகுந்துள்ளது' என்று அவன் கைப்பேசியில் எழுத்து தோன்றுகிறது. அவன் என்ன செய்வான்? தொலைபேசியில் கேட்பான். 'எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையடா' என்று தாய் சொல்வாள். அவள் சொல்வது உண்மைதான். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஆகவே செய்தி வந்து சேருமுன், அந்த ஊரில் அன்றே போய்க் காலைப் பார்க்கும் ஒருவரை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அண்டை வீட்டாராக இருக்கலாம், உறவினராக இருக்கலாம். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கு மருந்து தர வீடு தேடி வரும் பணியாளராகவும் இருக்கலாம். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் நம் கையில் இல்லையென்றால், விலையுயர்ந்த காலணி அனுப்பும் எச்சரிக்கை நம்மை வருந்தச் செய்வதோடு நின்றுவிடும்.

காலணி வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு. இரவில் படுக்குமுன் இரண்டு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். கண் மங்கியவருக்குப் பேரக்குழந்தை பார்த்துச் சொல்லட்டும். புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாற்றி மாற்றி வைத்து, ஓரிடம் மட்டும் சுடுகிறதா என்று அறியலாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கட்டும். சில நிமிடத்து வேலை. உணர்வு குறைந்தவர் வீட்டுக்குள் அணிவதற்கென்றே தனியாக ஒரு மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்களையில் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், அது தெருவைக் காணாத செருப்பு என்று எடுத்துச் சொல்லலாம். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போகலாம். தடையில்லாத இடத்தில் தடித்த துணிக் காலுறை அணிந்து வலம் வரலாம். அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, வழக்கமான பலகாரப் பொட்டலத்தோடு வீட்டுச் செருப்பு ஒரு சோடியையும் எடுத்துக்கொள்வோம். அளவை மட்டும் மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.