கட்டடம் ஒருத்தருக்கு, வாத்தியார் ஒருத்தருக்கு

(காத்திவாக்கத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கவிதை அப்பால வாசிக்கலாம். இன்னிக்கு நம்ம பள்ளிக்கூடங்களைப் பத்திப் பேசணும்னு வந்திருக்கேன்.

நான் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். காசு எங்கிருந்து வருது, எங்கே போகுதுன்னு பார்க்கிறதுதான் என் வேலை. அதனால் பள்ளிக்கூடத்தையும் அங்கிருந்தே பார்க்கிறேன். சென்னை மாநகராட்சி பள்ளி நடத்தியது யாரோட தயவிலும் இல்லை. சொத்துவரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு உண்டு. நமக்குச் சொத்தே இல்லையே, நாம எங்க வரி கட்டினோம் என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். வீட்டுக்காரர் கட்டுகிற வரி நாம் கொடுக்கிற வாடகைக்குள்ளே இருக்கிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துக்கொண்டு வாடகை கொடுத்தவனும் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவன்தான். 'இலவசக் கல்வி' என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. முன்பணம் கட்டிய கல்வி அது.

இந்த மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷக் கடைசியில் எழுதப்பட்ட சாசனத்திலேயே பள்ளிக்கூடம் வருகிறது. வரி போட்டு நகர மண்டபம் கட்டணும், ஜெயில் கட்டணும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் கட்டணும். கும்பினிக்குக் கணக்குப்பிள்ளை வேணும், அவ்வளவுதான் விஷயம். அந்த 'உள்ளூர்ப் பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள்ளே சேரிப் பிள்ளை இருந்ததா? சுவர் எழுப்பிய, மூட்டை தூக்கிய, குதிரை பார்த்துக்கொண்ட நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு இன்னும் இருநூறு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

அந்த இருநூறு வருஷம் தானாக முடியவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அன்றைக்குக் காத்திவாக்கம் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. நிலமும் வீட்டுமனையும் பள்ளியும் இல்லாத ஜனங்கள் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியபிறகுதான் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. 1892இல் பஞ்சமி நிலம் பற்றிய ஆணை, 1893இல் பஞ்சமர் கல்வி பற்றிய ஆணை. பஞ்சமி நிலம் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது, பேச வேண்டியதுதான். ஆனால் இந்த ரெண்டாவது ஆணையை நாம் மறந்தேபோனோம். நிலம் பறிபோனால் பட்டாவைக் காட்டிக் கேட்கலாம். பள்ளிக்கூடம் பறிபோனால் எதைக் காட்டுவது?

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பரவியது. ஆல்காட்டை மட்டும் புகழ்ந்து பேசுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. சரித்திரம் எழுதுகிறவர்கள் கொடுத்த கையைப் படம் பிடிப்பார்கள், கேட்ட வாயை எழுத மாட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் அந்தப் பத்தாண்டு முழுக்கச் சபை கூட்டி, மனு எழுதி, பத்திரிகை நடத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். கேட்கிறவன் யாரென்று மறைக்காமல் கேட்டார்.

பொதுப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். ஆகவே தனிப் பள்ளி வந்தது. நாம் விரும்பித் தனியாகப் போய் உட்காரவில்லை. 1920இல் தொழிலாளர் நலத்துறை என்று ஒன்றை ஏற்படுத்தி, ஒடுக்கப்பட்டோர் காரியங்களை அதனிடம் விட்டார்கள். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவைதான். ஆக ஒரே மாகாணத்தில் ஊர்ப்பள்ளிக்கு ஒரு துறை, சேரிப்பள்ளிக்கு ஒரு துறை. ஊர் ரெண்டாக இருந்தது, ஆபீசும் ரெண்டாகப் போட்டார்கள்.

அதே 1920, செப்டம்பர் 16. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. பசியோடு பிள்ளை வராது என்ற எளிய விஷயத்தை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றிய நாள் அது. இன்னும் சில பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். தொடக்கக் கல்விப் பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கக்கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்ல, 1925இல் நின்றுபோனது. அப்புறம் 1956இல் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022இல் காலை உணவு. இந்தக் காலை உணவு ஆணையே 1920 தீர்மானத்தை நினைவுபடுத்தித்தான் வந்தது. நூத்தி ரெண்டு வருஷம். ஒரு இட்லிக்கு!

ரிப்பன் கட்டடத்து நாற்காலியில் நம்மவர்கள் உட்கார்ந்ததும் உண்டு. 1937இல் சிவசண்முகம் பிள்ளை, 1945இல் சிவராஜ், 2022இல் பிரியா.  1973 கடைசியிலிருந்து 1996 வரை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. அதிகாரிகள் ஆண்டார்கள். ஒண்ணாம் கிளாஸில் சேர்ந்த பிள்ளை படித்து முடித்துக் கல்யாணம் பண்ணிக் குழந்தையையும் கொண்டுவந்து சேர்க்கிற காலம் அது. அதுவரைக்கும் கூரை ஒழுகினால் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

இதெல்லாம் பட்டணத்துக் கதை. நம்ம காத்திவாக்கம் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தது. கோடு என்றால் சாதாரணம் இல்லை. 1953இல் ராஜாஜி குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது அது கிராமத்துப் பள்ளிகளுக்குத்தான், நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். அப்பன் தொழில் பறை அடிப்பதும் மலம் அள்ளுவதுமாக வைத்திருந்த நாட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார்கள். 1954இல் காமராஜர் வந்து அதை எடுத்தார். அந்த ஒரு வருஷத்தில் நகர எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம் பிறந்தோம் என்பது பிள்ளையின் நாளைத் தீர்மானித்தது.

கோட்டுக்கு வெளியே இருந்த பள்ளிகளின் ஏற்பாடும் வேறு. மாநகராட்சிப் பள்ளியில் கட்டடமும் மாநகராட்சிக்கு, வாத்தியாரும் மாநகராட்சிக்கு. வெளியே அப்படி இல்லை. ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர் ஆனார்கள். அது நியாயம், சம்பளம் ஒழுங்காக வந்தது. ஆனால் கட்டடம் உள்ளாட்சிக்கு, வாத்தியார் அரசாங்கத்துக்கு என்று ஆகிப்போனது. கக்கூஸ் கதவு உடைந்தால் ஒரு ஆபீஸ், கணக்கு வாத்தியார் இல்லையென்றால் இன்னொரு ஆபீஸ். எண்ணூரில் கம்பெனி வந்தது, அனல்மின் நிலையம் வந்தது, கூட்டம் பெருகியது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் சொந்தக்காரர் யார் என்று சரியாகத் தெரியாமலே போனது.

2011இல் காத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி எல்லாம் மாநகராட்சிக்குள் வந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது. வரி மறுநாளே மாநகராட்சிக்குப் போனது, குப்பை போனது, பள்ளிக்கூடம் போகவில்லை! பத்து வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் விரிவாக்கப் பகுதிகளின் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். அதுவரை 281 பள்ளிகள் வைத்திருந்த மாநகராட்சி அது. வரிக்கு ஒரு வேகம், கல்விக்கு ஒரு வேகம். இதைப் படிக்கத் தத்துவம் எதுவும் வேண்டியதில்லை, தேதிகளை வரிசையாகப் போட்டால் போதும்.

இப்போது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2024இல் நீதிபதி சந்துரு குழுவும் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. நம் தோழர்களிடையே இதில் ரெண்டு கருத்து இருக்கிறது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுச் சான்றிதழில் சாதிப் பெயரோடு ஒரு பிள்ளை வெளியே போக வேண்டியதில்லை, பெயரை எடுக்கட்டும். ஆனால் அந்தப் பள்ளிகளின் இடம், விடுதி, பணியிடம், நிதி இவை நம் பாட்டன்மார் மனு எழுதி வாங்கியவை. பெயரை அழிக்கிற அதே ரப்பரால் சொத்தையும் அழித்துவிடக்கூடாது. பொதுவில் கரைத்தபிறகு நம் பங்கு எங்கே என்று கேட்டால், 'இன்னுமா சாதி பேசுறீங்க?' என்பார்கள்.

இவ்வளவு பேசுகிறவன் தன் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறான் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் படிக்கிறாள். சேர்க்கிற அன்றைக்கு இங்கிலீஷ், பஸ், கூட வேலை பார்க்கிறவர்களின் பார்வை என்று எல்லாக் காரணமும் இருந்தது. நான் படித்தது பெஞ்சு இல்லாத அரசுப் பள்ளியில். கிளார்க் வேலை கிடைத்ததும் நான் முதலில் செய்தது அந்தப் பள்ளியை விட்டு ஓடியதுதான். நாங்கள் ஓடியதால் அங்கே கேள்வி கேட்கிற வாய் குறைந்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடம் மூலம் அரசாங்கமே பணம் கட்டி மீதிப் பேரையும் அந்தப் பக்கம் அனுப்புகிறது. ஏழைப் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பணம் நம் பள்ளிக்கு வந்திருந்தால் என்ற கணக்கு மட்டும் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அதே 2009 சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கொடுத்தது. நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோமே, அந்த நேரத்தில் பாதியை இந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறோமா? எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, மீன் விற்கிறவர், ஒரு பள்ளியில் குழு உறுப்பினர். 'நோட்டைக் காட்டுவாங்க தம்பி, நான் கையெழுத்துப் போட்டுட்டு வருவேன்' என்றார். நோட்டில் என்ன இருந்தது அக்கா என்றேன். 'மேல ஒண்ணும் எழுதல, கீழ எங்க பேரு இருந்துச்சு' என்றார்.

இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் இந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிற தம்பி தங்கை உள்ளவர்கள் கை தூக்குங்கள். பதினோரு பேர். சரி, அடுத்த குழுக் கூட்டத்துக்கு உங்க அம்மாக்களோடு சேர்ந்து அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கணும். வாசிக்க வராதவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். எழுதாத பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. நானும் லீவு போட்டுவிட்டு வாசலில் நிற்கிறேன், என் பிள்ளை அங்கே படிக்கவில்லை என்பதால் உள்ளே வர எனக்கு உரிமை இல்லை.