உருக்கு நகரத்துச் சங்கீதம்



மேல்நாட்டில் 1970களின் கடைசியில் தோன்றி, அடுத்த சில ஆண்டுகள் ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்த 'நியூ வேவ்' சங்கீதத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இந்த விஷயத்தை எடுத்த மாத்திரத்தில் கற்றறிந்த ரசிகர்கள் கேட்பது, "யந்திரம் வாசிப்பதில் ஜீவன் ஏது?" என்ற கேள்விதான். நியாயமான கேள்வி, நம்மவர் மட்டும் கேட்டதுமன்று. 1982ஆம் ஆண்டில் லண்டனில் வாத்தியக் கலைஞர் தொழிற்சங்கத்தின் கிளை ஒன்று, சிந்தசைஸரையும் தாள யந்திரத்தையும் தடை செய்ய வேண்டுமென்று தீர்மானமே நிறைவேற்றியது. பிழைப்புப் போய்விடுமே என்று வாத்தியக்காரர்கள் அஞ்சியதில் தவறில்லை. ஆனால், அந்த யந்திரங்களைக் கையில் எடுத்த பிள்ளைகள் யார், எந்த ஊரார் என்று விசாரித்தால், ஜீவனைப் பற்றிய கேள்விக்கு விடை வேறாக வரும் என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஷெஃபீல்டு என்றொரு நகரம். உலகத்து உணவு மேஜைகளில் கிடந்த கத்தியிலும் கரண்டியிலும் தன் பெயரைப் பொறித்து அனுப்பிய அந்த ஊரில், இரவிலும் ஓயாமல் விழுந்த சம்மட்டி யந்திரங்களின் ஓசை படுக்கையறை வரையில் கேட்டது என்று அங்கே வளர்ந்த இசைக் கலைஞர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1980 ஜனவரியில் தொடங்கி மூன்று மாதம் நீடித்த உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, அந்த ஓசையும் அடங்கலாயிற்று. அந்த ஊரிலிருந்து வந்ததுதான் 'ஹியூமன் லீக்' என்ற குழு. அதில் மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் இருவரும் கம்ப்யூட்டர் இயக்கும் வேலையிலிருந்தவர்கள். பாடகராக வாய்த்த பிலிப் ஓக்கியோ, ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் சிப்பந்தி. 1978ல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டு, கைவிடப்பட்ட தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில், வீட்டு டேப் ரிக்கார்டரில் பதிவானது.

அவர்கள் கைக்கு எட்டிய மலிவான சிந்தசைஸர்களில் பெரும்பாலானவை ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரத்தைத்தான் ஒலிக்கும். பியானோவைப் போலப் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பேசும், மற்றவை வாய் திறவா. ஆகவே, ஸ்வரங்களை அடுக்கி மாளிகை எழுப்பும் மேல்நாட்டு மார்க்கம் அடைபட்டு, ஒரு வரி கீழே நடக்க, மற்றொரு வரி மேலே பின்னிச் செல்ல, இடையில் வெற்றிடம் புலப்படும்படியான மெல்லிய அமைப்பு அவசியத்தினாலேயே பிறந்தது. ஒற்றை ஸ்வர வரிசையில் ராகத்தை விரித்துப் பழகிய நம் காதுக்கு இது கொஞ்சம் பரிச்சயமாகக்கூடப் படும். ஆயினும் கமகம் மருந்துக்கும் கிடையாது. ஸ்வரம் ஆணியடித்தாற்போல் நிற்கும். தாளம் இம்மியும் பிசகாது. இந்த அசையாத கண்டிப்பின்மேல், அப்பியாசமில்லாத மனிதக் குரல் ஒன்று வந்து அமரும்போது, அதன் நடுக்கமும் மூச்சும் சுருதிப் பிசகும் ஒளிவுமறைவின்றி வெளிப்பட்டுவிடுகின்றன. நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் குறையை மறைத்துக் காப்பாற்றுவார், யந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். ஜீவன் புகுந்த வழி அதுதான்.

1980ல் வேரும் மார்ஷும் பிரிந்துபோக, ஐரோப்பியக் கச்சேரிகள் ஒப்புக்கொண்டிருந்த நிலையில் தனித்து நின்ற ஓக்கி, உள்ளூர் நடன விடுதியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்களைக் கண்டு குழுவில் சேர்த்துக்கொண்டார். அவர்களோடு 1981ல் வந்தது 'டேர்' என்ற தொகுப்பு. அதன் கடைசிப் பாட்டான 'டோன்ட் யூ வான்ட் மீ', தனித்தட்டாக வெளியிடுவதற்கே லாயக்கற்றது என்பது ஓக்கியின் எண்ணம். கம்பெனியார் கேட்கவில்லை, கிறிஸ்துமஸை ஒட்டி ஐந்து வாரம் பிரிட்டனில் முதலிடம், மறு ஆண்டு ஜூலையில் அமெரிக்காவிலும் முதலிடம். அந்தப் பாட்டில் ஆண் தன் குறையையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு, அந்தப் பெண்களில் ஒருத்தியான சூசன் சல்லி, சங்கதி ஏதும் போடாமல், பஸ் நிற்குமிடத்தில் தோழியிடம் பேசுவதுபோல் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறாள். தேர்ந்த சாரீரத்துக்கு அந்த வேலை கைவந்திராது.

மான்செஸ்டரின் கதை துயரமானது. 'ஜாய் டிவிஷன்' குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ், அமெரிக்க யாத்திரைக்குப் புறப்படும் தறுவாயில், 1980 மே 18 அன்று, 23 வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எஞ்சிய நண்பர்கள் மூவரும் பெயரை 'நியூ ஆர்டர்' என்று மாற்றிக்கொண்டு, கில்லியன் கில்பர்ட் என்ற பெண்மணியையும் சேர்த்துக்கொண்டார்கள். பாட வேறு ஆளின்றி, கிதார் வாசித்த பெர்னார்டு சம்னர் தலையிலேயே அந்தப் பொறுப்பு விழுந்தது. 1983ல் வந்த அவர்களது 'புளூ மண்டே' இசைத்தட்டின் உறையைக் கம்ப்யூட்டர் பிளாப்பி வடிவத்தில், துளைகள் வெட்டி, குழுவின் பெயரோ பாட்டின் பெயரோ முகப்பில் இல்லாமல் அமைத்தார் பீட்டர் சாவில். உறைக்கு ஆன செலவினால் தட்டு விற்க விற்க நஷ்டம் என்று அதை வெளியிட்ட கம்பெனியைச் சேர்ந்தவர்களே சொல்லி வந்தார்கள். வியாபாரம் தெரிந்தவர் செய்யும் காரியமல்ல. 1992ல் கம்பெனி திவாலாயிற்று என்பதில் வியப்புமில்லை.

1981 ஆகஸ்டில் 'எம்.டிவி' என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியபின் வந்த கோபுரக் கொண்டைகளையும் பட்டுச் சட்டைகளையும் பற்றி அதிகம் பேச எனக்கு உற்சாகமில்லை. சங்கீதத்தைக் காட்டிலும் சிகை அலங்காரத்துக்குக் கூடுதல் நேரம் செலவழித்த குழுக்கள் பல. காலம் அவற்றை மறந்துவிட்டது.

மறக்கக்கூடாத மனிதர் ஒருவர் உண்டு. மோட்டார் தொழில் நலிந்த கவென்ட்ரி நகரத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று வாசித்த 'ஸ்பெஷல்ஸ்' குழுவை அமைத்த ஜெரி டாமர்ஸ், 1955ல் பிறந்தது நம்முடைய உதகமண்டலத்தில், தகப்பனார் பாதிரியார். ஜமைக்கா நாட்டுத் தாளத்தில் வேரூன்றிய இவர்களை வகைப்படுத்துவோர் வேறு பெட்டியில் போடுவார்கள். அந்தப் பிரிவினையில் எனக்குச் சிரத்தையில்லை. 1981 ஜூலையில், வேலையின்மையால் கொதித்த இங்கிலாந்து நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, கடைகள் அடைபட்ட ஊரின் வெறுமையைப் பாடிய இவரது 'கோஸ்ட் டவுன்' முதலிடத்தில் இருந்தது. 1984ல், சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யக் கோரும் பாட்டை எழுதியவரும் இவரே. துக்கச் சாயல் சிறிதுமின்றி, கல்யாண ஊர்வலத்துக்குரிய குதூகலத்தோடு அதை அமைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். அரசியல் அறியாதவர்களும் அந்தப் பெயரைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

இந்தச் சங்கீதம் பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால், மற்றொரு மோட்டார் நகரத்துக்குத்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலிய கறுப்பின இளைஞர்கள், ஜெர்மனியின் 'கிராஃப்ட்வெர்க்' குழுவையும் இங்கிலாந்தின் சிந்தசைஸர்ப் பாட்டையும் கேட்டு வளர்ந்து, தங்கள் நாட்டுத் தாளத்தோடு கலந்து 'டெக்னோ' என்ற பாணியைப் படைத்தார்கள். இன்று உலகமெங்கும் நடன அரங்குகளில் ஒலிப்பது அதன் சந்ததியே.

'புளூ மண்டே' ஏழரை நிமிஷம் ஓடும். தலைவர் எனக்கு அளித்த நேரத்தில் அவ்வளவை மிச்சம் பிடித்திருக்கிறேன். ஒலிபெருக்கிக்காரத் தம்பி இசைத்தட்டோடு தயாராக நிற்கிறார். முதல் இரண்டு நிமிஷமும் தாளமும் யந்திர வரிகளும்தாம் வரும். பொறுமையிழந்து காபிக்கு எழுந்துவிடாமல், சம்னரின் குரல் உள்ளே நுழைகிற இடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள்.