'வர மாட்டோம்' என்று சொன்ன குழுக்கள்



முனைவர் கே.ஏ.குணசேகரன் 2016 ஜனவரியில் மறைந்தார். நாடகம் கற்பித்த பேராசிரியர், ஆய்வாளர், 'வடு' தன்வரலாற்றை எழுதியவர் என்றெல்லாம் அவரை அறிவோம். ஆனால் எங்கள் பக்கத்துச் சேரிகளுக்கு அவர் முதலில் வந்து சேர்ந்தது குரலாகத்தான். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை அவர் பாடக் கேட்டபிறகே, நம் பாட்டை நாமே மேடையேறிப் பாடலாம் என்ற தைரியம் எங்களில் பலருக்கு வந்தது. ஆகவே அவரை நினைக்கும் இந்த மேடையில் எங்கள் வட்டாரத்து இசைக்குழுக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பறையும் பம்பையும் அடித்தவர்களோடும், பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதியவர்களோடும் சில காலமாக உட்கார்ந்து பேசி வருகிறோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். "உங்கள் குழு எப்படித் தொடங்கியது?" என்று கேட்டால் பறை அடித்தவர்கள் முதல் நிகழ்ச்சியைச் சொல்வதில்லை, முதல் மறுப்பைச் சொல்கிறார்கள். "சாவுக்கு வர மாட்டோம்னு அன்னைக்குச் சொன்னோம். அதுக்கப்புறம்தான் எங்களுக்குக் குழுன்னு ஒரு பேரு வந்துச்சு" என்றார் ஒரு பெரியவர்.

அதற்கு முன் அது குழு அல்ல, வெட்டி வேலை. ஊரில் சாவு விழுந்தால் சொல்லி அனுப்புவார்கள். போயே ஆக வேண்டும். கூலி பேச முடியாது. கொஞ்சம் நெல், சில்லறைக் காசு, கூடவே சாராயம். "ஊத்திக் குடுத்துட்டா கணக்கு தீர்ந்துச்சும்பாங்க" என்றார் இன்னொருவர். மறுத்தபோது வயல் வேலை நின்றது, கடையில் கடன் நின்றது. எனினும் அவர்கள் அடிக்கவில்லை.

வெட்டி என்ற சொல் அடிவாரத்துக்கு மட்டும் உரியதல்ல. மேலே கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். அவர்களுடைய பாட்டும் ஆட்டமும் அவர்களுடையவை; அவற்றை அவர்கள்தான் பேச வேண்டும். ஆனால் 'கூப்பிட்டால் வர வேண்டும்' என்ற கட்டளை மலைக்கும் அடிவாரத்துக்கும் பொதுவாக இருந்தது.

1990-களில், அம்பேத்கர் நூற்றாண்டு எழுச்சியை ஒட்டி, நம்மிடையே ஒரு வாதம் நடந்தது. இழிவின் அடையாளமான பறையை உடைத்து எறியுங்கள் என்றது ஒரு தரப்பு. சாவு வீட்டிலிருந்து மீட்டு மேடையேற்றுங்கள் என்றது இன்னொரு தரப்பு. இரண்டையும் எதிரெதிராக வைத்தே பழகிவிட்டோம். எங்கள் பெரியவர்கள் வாழ்ந்ததைக் கேட்டால் இரண்டும் ஒன்றின் தொடர்ச்சி என்று தெரிகிறது. மறுக்கும் உரிமை கிடைத்த பிறகே அடிப்பது கலையாகிறது. 1990-இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்தபோது இந்த உரிமை இன்னும் விரிந்தது. ஆண்களின் கருவி என்ற கட்டும் அங்கே தளர்ந்தது.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அந்தப் பெயருக்குப் பின்னால் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற சிந்தனை இருக்கிறது. கானாவும் பறையும் ராப்பும் கிடாரும் ஒரே மேடையில் நின்றன. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எங்கள் பெரியவர்கள் இவற்றையெல்லாம் பேரப்பிள்ளைகளின் செல்போனில் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அந்த மாதம் முழுக்க எங்கள் ஊரும் மலையும் சாராயத்தின் பெயரால் மட்டுமே பேசப்பட்டன. 'ஏன் குடித்தார்கள்?' என்று கேட்டவர்கள் பலர். உழைப்புக்குக் கூலியாகச் சாராயத்தை ஊற்றிப் பழக்கியது யார் என்று கேட்டவர்கள் குறைவு. ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் இடையில் கலைஞனின் கையில் காசு கொடுக்காமல் குவளையைக் கொடுத்த வழக்கத்துக்கு அந்த வரலாற்றில் பங்கு உண்டு.

இன்று கல்லூரி விழாக்களில் மாணவர்கள் பறை அடிக்கிறார்கள். பெருமைதான். அதே மாணவரின் ஊரில் ஒரு பெரியவரைத் தெருமுனையில் நின்று "ஏய், வா" என்று கூப்பிடுகிறார்கள் என்றால், நம் மேடை இன்னும் பாதிதான் கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மூத்த கலைஞர் ஒருவரோடு உட்காருங்கள். அவர் பெயர், குழுவின் பெயர், அவர் அறிந்த அடிவகைகள், அவர் மறுத்த நாள் ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். இரண்டாவது, நிகழ்ச்சிக்கு அழைத்தால் கூலியை முன்பே பேசுங்கள், பணமாகக் கொடுங்கள், பயணமும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. சாராயம் கூலியல்ல. மூன்றாவது, "வர முடியாதுப்பா" என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் தலைமுறை கொடுத்த விலை அதிகம்.

பறையைத் தீயில் காட்டினால்தான் தோல் இறுகும், ஒலி எழும். எங்கள் பெரியவர்கள் அந்தத் தீயில் நின்றவர்கள். அவர்கள் பெயர்கள் எழுதப்படாமல் போகக் கூடாது.

ஜெய்பீம்.